டிப்பர் ஆளில்லாமல் ஓடுகிறது, பொக்லைன் ஏன் தானாகத் தோண்டவில்லை?

"எட்டு வருடமாகப் பொக்லைன் ஓட்டுகிறேன். வெளிநாட்டுச் சுரங்கத்தில் ஆளே இல்லாமல் டிப்பர் ஓடும் வீடியோ பார்த்தேன். சாலையில் கார் தானாக ஓடும்போது, வேலி போட்ட சைட்டில் ஒரே இடத்தில் நிற்கிற வண்டி தானாகத் தோண்டுவது அதைவிடச் சுலபம்தானே? இயந்திரக் கற்றல் வந்துவிட்டால் எங்கள் பிழைப்பு எத்தனை நாளைக்கு? தம்பி மெக்கட்ரானிக்ஸ் இரண்டாம் ஆண்டு படிக்கிறான், அவன் இந்தப் பக்கம் வரலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். மேலே பார்த்தால் இது வேலை போகுமா என்ற கவலை. ஆனால் அதற்கு அடியில் ஒரு நல்ல பொறியியல் கேள்வி இருக்கிறது: ஓடுவதைவிடத் தோண்டுவது ஏன் கஷ்டம்? அதற்குப் பதில் தெரிந்துவிட்டால் பிழைப்பைப் பற்றிய கேள்விக்கும் தம்பியைப் பற்றிய கேள்விக்கும் பாதிப் பதில் தானாகவே வந்துவிடும். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன். நான் முதல் ஆறு வருடம் ஹைட்ராலிக் சர்வீஸில் இருந்தவன். அதற்குப் பிறகு தோண்டும் வண்டிகளுக்கான கட்டுப்பாட்டு மென்பொருள்தான் வேலை. கிரேன், பைலிங் ரிக் பற்றியெல்லாம் எனக்கு நேரடி அனுபவம் கிடையாது. மண்ணைத் தோண்டி அள்ளுகிற வண்டிகளைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

நீங்கள் பார்த்த வீடியோ பொய் இல்லை. சிலி நாட்டின் காப்ரியேலா மிஸ்திரால் செப்புச் சுரங்கத்தில் கோமட்சு நிறுவனத்தின் ஆளில்லா டிப்பர்கள் 2008 முதலே வணிக ரீதியாக ஓடுகின்றன. அதே ஆண்டில் ஆஸ்திரேலியாவின் பில்பாரா இரும்புத்தாதுச் சுரங்கங்களில் ரியோ டின்டோ நிறுவனமும் சோதனையைத் தொடங்கியது. பின்னாளில் அந்த வண்டிகளைச் சுமார் 1,500 கிலோமீட்டர் தள்ளி பெர்த் நகரத்தில் உட்கார்ந்து கண்காணித்தார்கள். 300 டன்னுக்குக் கொஞ்சம் குறைவாகச் சுமக்கிற வண்டிகள், ஸ்டீயரிங்குக்குப் பின்னால் ஆள் இல்லை. இதில் முக்கியமான விஷயம், அந்த முதல் தலைமுறை டிப்பர்கள் ஓடியதற்கு இயந்திரக் கற்றல், அதாவது விதி எழுதித் தராமல் உதாரணங்களிலிருந்து கம்ப்யூட்டரே கற்பது, பெரிய காரணம் இல்லை. துல்லியமான ஜிபிஎஸ், முன்கூட்டியே வரைந்து வைத்த பாதை, எதிரே ஏதாவது இருந்தால் நிறுத்தச் சொல்லும் ரேடார், நல்ல வயர்லெஸ் இணைப்பு, இவ்வளவுதான். சுரங்கம் முழுக்க ஒரே முதலாளியின் கையில் இருக்கும். யார் எங்கே வண்டி ஓட்டலாம் என்று அவரே சட்டம் போடலாம். அப்படிப்பட்ட இடத்தில் எழுதி வைத்த விதிகளே போதும்.

அடுத்த முறை அந்த வீடியோவைப் பார்க்கும்போது டிப்பரை விட்டுவிட்டு, அதற்கு லோடு போடுகிற ஷவலைப் பாருங்கள். பெரும்பாலான சுரங்கங்களில் அதன் கேபினுக்குள் இன்றும் ஒருவர் உட்கார்ந்திருப்பார். டிப்பரில் ஆள் இல்லாமல் பதினைந்து வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது, பக்கத்தில் நின்று அதை நிரப்புகிற வண்டியில் மட்டும் ஆள் இறங்கவில்லை. ஓரிடத்தில் நிற்கிற வண்டிதான் சுலபம் என்றால் முதலில் அதில்தானே ஆளை எடுத்திருப்பார்கள்?

காரணத்தை ஒரு வரியில் சொல்வதென்றால், கார் எதையும் தொடாமல் போய்ச் சேர்ந்தால் வெற்றி, உங்கள் வண்டி தொட்டால்தான் வேலையே ஆரம்பம். காருக்கு உலகம் என்பது சுற்றிப் போக வேண்டிய தடைகள். கேமராவும் லேசரும் அவற்றைக் காட்டிவிடும். வாளி மண்ணுக்குள் இறங்கிய பிறகு நடப்பதை எந்தக் கேமராவும் பார்க்க முடியாது. பல்லுக்கு அரை அடி கீழே ஒரு உருண்டைப் பாறை இருக்கிறதா, பழைய கட்டடத்தின் அஸ்திவாரக் கம்பி இருக்கிறதா, நேற்றைய மழையில் ஊறிய களிமண்ணா, எதுவும் வெளியே தெரியாது. அதோடு ஒவ்வொரு வாளிக்கும் தரை மாறிவிடுகிறது. சாலை நேற்றிருந்த மாதிரியே இன்றும் இருக்கும். நீங்கள் தோண்டுகிற குழி ஒரு நிமிடத்துக்கு முன்னால் இருந்த மாதிரி இப்போது இருக்காது, அதை மாற்றியதும் நீங்கள்தான்.

மண்ணின் எதிர்ப்பைக் கணக்கிடச் சமன்பாடு இல்லாமல் இல்லை. 1964-இல் ரீஸ் என்பவர் கொடுத்த சமன்பாட்டை இன்றும் மண்வேலை எந்திரங்களின் அடிப்படைச் சமன்பாடு என்றே சொல்கிறோம். மண் எவ்வளவு அடர்த்தி, துகள்கள் ஒன்றோடொன்று எவ்வளவு பிணைந்திருக்கின்றன, உள் உராய்வு எவ்வளவு, இரும்பில் எவ்வளவு ஒட்டும், மேலே எவ்வளவு மண் குவிந்து அழுத்துகிறது என்று எல்லாம் தெரிந்தால், வாளிக்கு எவ்வளவு விசை வேண்டும் என்று அது சொல்லும். சிக்கல் என்னவென்றால் இந்த எண்கள் ஒரே சைட்டில் பத்தடிக்குப் பத்தடி மாறும். செம்மண்ணுக்குக் கீழே சரளை, அதற்குக் கீழே சுக்கான் பாறை என்று அடுக்கடுக்காக வரும்போது எந்த எண்ணைப் போடுவது? கணக்குத் தெரிந்திருக்கிறது, கணக்கில் போட வேண்டிய எண் தெரியவில்லை.

இதை எனக்குப் புரிய வைத்தவர் ஒரு ஆபரேட்டர். பல வருடங்களுக்கு முன், 20 டன் வண்டி ஒன்றில் பூம் (வண்டியிலிருந்து கிளம்பும் பெரிய கை), ஆர்ம் (அதன் நுனியில் மடங்கும் சிறிய கை), வாளி மூன்றுக்கும் கோண சென்சார் மாட்டி, சிலிண்டர்களில் அழுத்த சென்சார் மாட்டி, இரண்டு லீவர்களின் அசைவையும் பதிவு செய்துகொண்டிருந்தோம். ஓட்டியவருக்கு அப்போதே இருபது வருட அனுபவம். நான் கேபினுக்குப் பக்கத்தில் பிளாட்ஃபாரத்தில் நின்றுகொண்டிருந்தேன். வாளி மண்ணில் இறங்கும்போது அவர் வாளியைப் பார்க்கவே இல்லை. அதற்கு முன்னால் ஒரு முழம் தள்ளி, மேல்மண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே மெல்லியதாக ஒரு விரிசல் ஓடியது. விரிசல் நேராக ஓடினால் அவர் கை அப்படியே ஆர்மை இழுத்துக்கொண்டு போனது. ஒரு இடத்தில் விரிசல் வராமல் மண் மொத்தமாக உப்பியது. உடனே வலது கை பூமைக் கொஞ்சம் தூக்கி, வாளியை ஒரு சுழற்று சுழற்றி வெளியே கொண்டுவந்துவிட்டது. ஏன் தூக்கினீர்கள் என்று கேட்டேன். "கீழே கல்லு இருக்கு சார், மண்ணு முறியல" என்றார். அடுத்த வாளியில் அந்தக் கல்லைப் பக்கவாட்டில் நெம்பி எடுத்துக் காட்டினார். தேங்காய் மூட்டை அளவு இருந்தது.

அன்று இரவு பதிவுகளைப் பார்த்தபோதுதான் அசந்துபோனேன். சிலிண்டரின் அழுத்தம் உச்சத்துக்குப் போவதற்கு முன்பே அவருடைய கை பூமைத் தூக்கியிருந்தது. அதாவது எங்கள் சென்சார் எதைப் பார்த்து முடிவெடுக்கும் என்று நாங்கள் நினைத்திருந்தோமோ, அது நடப்பதற்கு முன்பே அவர் முடிவெடுத்துவிட்டார். அந்த விரிசல்தான் சமன்பாட்டுக்குப் படம் போடும்போது நாங்கள் வரைகிற ஆப்பு வடிவ மண்துண்டின் மேல் விளிம்பு. வாளியின் பல்லிலிருந்து கிளம்பி மேல்மட்டத்தில் வந்து முட்டுகிற முறிவுக்கோடு. நாங்கள் புத்தகத்தில் வரைந்ததை அவர் தரையில் படித்துக்கொண்டிருந்தார். விரிசலோடு சேர்த்து என்ஜின் சத்தம் இறங்குவதும், சீட்டின் அடியில் வரும் அதிர்வும், வண்டியின் பின்பக்கம் லேசாகத் தூக்குவதும் அவருக்குத் தகவல்தான். இதில் எதுவும் எங்கள் சென்சார் பட்டியலில் இல்லை.

மண் ஒரு பக்கம் என்றால் வண்டியே இன்னொரு பக்கம். ரோபோக் கைகளில் இருக்கிற மின்மோட்டார் சொன்ன இடத்துக்குச் சொன்ன வேகத்தில் போகும். உங்கள் வண்டியில் லீவரை அசைத்தால், அது ஒரு வால்வை அசைத்து, அந்த வால்வு எண்ணெயைத் திறந்து, அதற்குப் பிறகுதான் சிலிண்டர் நகரும். லீவரின் முதல் சிறிய அசைவுக்கு ஒன்றுமே நடக்காது, உங்களுக்கே தெரியும். காலையில் எண்ணெய் குளிர்ந்திருக்கும்போது ஒரு மாதிரி, மதியம் சூடேறிய பிறகு ஒரு மாதிரி. பூமையும் ஆர்மையும் சேர்த்து அசைத்தால் ஒரே பம்பின் எண்ணெயை இரண்டும் பங்கு போட்டுக்கொள்ளும், கனம் குறைந்த பக்கம் முந்திக்கொண்டு ஓடும். ஒரே மாடலில் இரண்டு வண்டி எடுத்தாலும் இரண்டும் ஒரே மாதிரி நடந்துகொள்ளாது. புது வண்டியில் ஏறினால் முதல் அரைமணி நேரம் கை பழக வேண்டியிருப்பது இதனால்தான். கம்ப்யூட்டருக்கும் அந்த அரைமணி நேரம் வேண்டும்.

சந்தையில் "ஸ்மார்ட்", "ஏஐ" என்ற பெயரில் விற்கப்படும் பலவற்றுக்கும் இயந்திரக் கற்றலுக்கும் சம்பந்தமே இல்லை. கோமட்சு நிறுவனம் 2013-இல் டோசரிலும் 2014-இல் எக்ஸ்கவேட்டரிலும் (நாம் பொக்லைன் என்பது) கொண்டுவந்த வசதியை எடுத்துக்கொள்ளுங்கள். வரைபடத்தில் இருக்கும் மட்டத்துக்குக் கீழே வாளி போகாதபடி வண்டியே தடுத்துவிடும். இதற்குத் தேவை செயற்கைக்கோளிலிருந்து சில சென்டிமீட்டர் துல்லியத்தில் கிடைக்கும் இடக்கணக்கு, மூட்டுகளின் கோணம், பள்ளிக்கூட வடிவியல். மிகப் பயனுள்ள வசதி, நான் மனமாரப் பரிந்துரைப்பேன். மட்டம் பார்க்க ஹெல்பர் குழிக்குள் இறங்க வேண்டியதில்லை என்பதே பெரிய விஷயம். ஆனால் மண்ணை எப்படி வெட்டுவது என்று அந்த வண்டிக்குத் தெரியாது, எங்கே நிறுத்துவது என்று மட்டும்தான் தெரியும். வெட்டுவது இன்னும் நீங்கள்தான்.

விதிகளை மட்டும் எழுதியே தோண்ட வைக்க முடியுமா என்றால், ஓரளவு முடியும். அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் அந்தோணி ஸ்டென்ஸ் குழுவினர் 1990-களின் கடைசியிலேயே செய்து காட்டினார்கள். 25 டன் எக்ஸ்கவேட்டர், இரண்டு லேசர் ஸ்கேனர். மண்மேட்டைத் தானே பார்த்து, தானே தோண்டி, தானே சுழன்று லாரியில் லோடு போட்டது. நல்ல ஆபரேட்டரின் வேகத்துக்கு அருகில் வந்தது. அப்படி என்றால் கால் நூற்றாண்டு கழித்தும் அது ஏன் எல்லா சைட்டிலும் இல்லை? உதிரியான மண், தெரிந்த இடத்தில் நிற்கும் லாரி, ஒரே வகை வேலை, இந்த வட்டத்துக்குள் அது நன்றாக நடக்கும். வட்டத்தை விட்டு ஒரு அடி வெளியே போனாலும் யாராவது புது விதி எழுத வேண்டும். சைட்டில் வரக்கூடிய எல்லாச் சூழலுக்கும் விதி எழுதி முடிக்க ஒரு ஆயுள் போதாது. எழுத முடியாததைக் கற்க வைக்கலாம் என்ற இடத்தில்தான் இயந்திரக் கற்றலுக்கு உண்மையான வேலை வருகிறது.

கற்க வைப்பதில் இரண்டு பெரிய வழிகள் உண்டு. ஒன்று, உங்களைப் போன்றவர் ஓட்டுவதைப் பதிவு செய்து, இந்தச் சூழலில் கை இப்படி அசைந்தது என்று, உதாரணங்களைப் பார்த்துப் பழகும் நியூரல் நெட்வொர்க் என்ற கணித மாதிரிக்குப் பழக்குவது. சுவீடனின் லூலியோ பல்கலைக்கழகத்தார் சக்கர லோடரின் வாளியை நிரப்புவதற்கு இந்த முறையைச் செய்து, 2019-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஒரு வகைச் சரளையில் நன்றாகவே நிரப்பியது. பெரிய கற்கள் கலந்த சரளைக்குப் போனபோது மறுபடி பழக்க வேண்டியிருந்தது. என் அனுபவமும் அதேதான். இந்த வழியில் இரண்டு பள்ளங்கள் இருக்கின்றன. நல்ல ஆபரேட்டரின் பதிவில் தவறே இருக்காது. அதனால் தவறு நடந்தால் எப்படி மீள்வது என்பதற்கு மாதிரிக்கு உதாரணமே கிடைக்காது. வாளி ஒரு கை அளவு ஆழமாகப் போய்விட்டால், அங்கிருந்து என்ன செய்வது என்று அது எங்கேயும் பார்த்ததில்லை. சிறிய பிழை அடுத்த பிழையை வளர்க்கும். இன்னொன்று, நான் மேலே சொன்ன விரிசல். ஆபரேட்டர் விரிசலைப் பார்த்துக் கையை அசைத்தார், நாம் மாதிரிக்கு அழுத்தத்தையும் கோணத்தையும் மட்டும் கொடுக்கிறோம் என்றால், காரணத்தை மறைத்துவிட்டு விளைவை மட்டும் மனப்பாடம் செய்யச் சொல்கிறோம். எத்தனை ஆயிரம் மணி நேரப் பதிவு சேர்த்தாலும் இந்தக் குறை தீராது. வாளிக்கு முன்னால் இருக்கும் மண்ணைப் பார்க்க ஒரு கேமரா வைத்தால்தான் தீரும்.

இரண்டாவது வழி, கம்ப்யூட்டரில் ஒரு போலி வண்டியும் போலி மண்ணும் உருவாக்கி, அதில் லட்சக்கணக்கான முறை தோண்டவிட்டு, நன்றாகச் செய்தால் மதிப்பெண் கொடுத்து, தானே கற்கச் செய்வது. நிஜ வண்டியில் அத்தனை முறை தோண்டிப் பழக்க டீசலும் கட்டாது, வண்டியும் தாங்காது. இதில் எனக்கு மிகவும் பிடித்த வேலை சூரிக்கில் இருக்கும் ஈடிஹெச் பல்கலைக்கழகத்துடையது. மார்கோ ஹுட்டர் குழுவினர் முதலில் நிஜ வண்டியை அசைத்துப் பார்த்து, லீவருக்கு இந்த வண்டி எப்படிப் பதில் சொல்கிறது என்பதை ஒரு நியூரல் நெட்வொர்க்காகக் கற்றார்கள். எண்ணெய், வால்வு, பம்பு என்று தனித்தனியாகச் சமன்பாடு எழுதவில்லை. தோண்டும் மூளையையும் கம்ப்யூட்டருக்குள்ளேயே பழக்கினார்கள். மண்ணுக்கு ரீஸ் வழிவந்த சமன்பாட்டையே போட்டார்கள், ஆனால் எண்களை ஒவ்வொரு முறையும் மாற்றி மாற்றிப் போட்டார்கள். ஒருமுறை இளமண், ஒருமுறை இறுகிய மண். எந்த மண் என்று மூளைக்குச் சொல்வதில்லை. வாளிக்கு வரும் எதிர்ப்பை வைத்து அதுவே தன் வெட்டை மாற்றிக்கொள்ள வேண்டும். நிஜ வண்டிக்கு மாற்றியபோதும் அது வேலை செய்தது. எண் தெரியவில்லை என்று மேலே சொன்னேன் இல்லையா, எண் தெரியாமலே சமாளிக்க ஒரு வழி இது.

இதில் என் கையால் பட்ட பாடு ஒன்றைச் சொல்ல வேண்டும். வாளி எவ்வளவு நிரம்புகிறதோ அவ்வளவு மதிப்பெண் என்று வைத்து ஒரு மாதிரியைப் பழக்கினோம். திரையில் அருமையாகத் தோண்டியது. நிஜ வண்டியில் ஏற்றிய முதல் நாள், வாளியைச் செங்குத்தாக ஆழத்தில் குத்தி இழுத்தது. உள்ளே எதிலோ மாட்டிக்கொண்டது. மாதிரி விடாமல் இழுத்ததில் டிராக்கின் முன்பக்கம் தரையைவிட்டு ஒரு சாண் எழும்பியது. ஸ்டாப் பட்டன் என் கையில் இருந்தது, அழுத்திவிட்டேன். எங்கள் போலி மண்ணில் கல் என்று ஒன்று இல்லவே இல்லை, அதனால் ஆழக் குத்துவதுதான் சிறந்த வழி என்று அது கற்றிருந்தது. அதன் பார்வையில் அது தவறே செய்யவில்லை. பிறகு போலி மண்ணில் கண்ட இடத்தில் கல் வைத்தோம், வண்டி சாய்ந்தால் மதிப்பெண் குறைத்தோம். எல்லாவற்றையும்விட முக்கியமாக, அழுத்தத்துக்கும் சாய்வுக்கும் ஒரு வரம்பை அந்த மூளைக்கு வெளியே, சாதாரண நிரலாக எழுதி வைத்தோம். மூளை என்ன சொன்னாலும் அந்த வரம்பைத் தாண்டாது. இன்றுவரை அந்த ஒழுங்கை நான் மாற்றவில்லை.

செய்து காட்டப்பட்டவை என்று உறுதியாகச் சொல்லக்கூடியவை உண்டு. சீனாவின் பைடு நிறுவனமும் அமெரிக்காவின் மேரிலாந்து பல்கலைக்கழகமும் சேர்ந்து 2021-இல் வெளியிட்ட ஆய்வில், அவர்களுடைய எக்ஸ்கவேட்டர் 24 மணி நேரத்துக்கு மேல் மனிதத் தலையீடு இல்லாமல் அள்ளிப்போட்டது. மணிக்கு 67.1 கனமீட்டர், கிட்டத்தட்ட ஒரு மனிதர் செய்கிற அளவு. ஈடிஹெச் குழுவினர் 2023-இல் இன்னொரு அதிசயத்தை வெளியிட்டார்கள். சூரிக்குக்குப் பக்கத்தில் ஓபர்க்ளாட் என்ற ஊரில், நடக்கும் எக்ஸ்கவேட்டர் ஒன்று கிடந்த கற்களை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்து, எந்தக் கல் எங்கே உட்காரும் என்று தானே தேர்ந்து, 6 மீட்டர் உயரம், 65 மீட்டர் நீளத்துக்குச் சாந்தில்லாமல் ஒரு கல்சுவர் எழுப்பியது. 938 கற்கள். நம் ஊரில் கல்கட்டு வேலை செய்கிற கொத்தனார், ஒரு கல்லைக் கையில் உருட்டிப் பார்த்து முகம் தேர்வது போலத்தான் அதுவும் செய்தது. இருந்தாலும் இவற்றை உங்கள் சைட்டோடு ஒப்பிடும்போது நிதானம் வேண்டும். அள்ளிப்போடும் இடமும் பொருளும் முன்பே தெரிந்த வேலை ஒன்று. அக்கம்பக்கத்தில் ஆள் நடமாட்டம் இல்லாமல் பார்த்துக்கொண்ட வேலை இன்னொன்று. தெரு நடுவில் சாக்கடைக்குக் குழி வெட்டுவது இரண்டிலும் சேராது.

தெருக்குழி என்றதும் அடுத்த பிரச்சினைக்கு வருகிறேன், இது நம் ஊருக்கே உரியது. மண்ணுக்கடியில் என்ன புதைந்திருக்கிறது என்ற தகவல். குடிநீர்க் குழாய், மின்கேபிள், இணையக் கேபிள் எல்லாம் எங்கே போகின்றன என்பது பல தெருக்களில் வரைபடத்தில் இல்லை, பழைய லைன்மேன் ஒருவரின் தலையில் இருக்கிறது. தோண்டுவதற்கு முன் சம்பந்தப்பட்ட நிறுவனங்களுக்குத் தகவல் சொல்ல, ஒன்றிய அரசின் தொலைத்தொடர்புத் துறை 2023 மார்ச்சில் "கால் பிஃபோர் யு டிக்" என்ற செயலியைக் கொண்டுவந்தது. நல்ல தொடக்கம். ஆனால் அந்தத் தகவல் சரியான ஆழத்தோடும் இடத்தோடும் கிடைக்கும்வரை, எவ்வளவு கெட்டிக்கார மூளையை வண்டியில் வைத்தாலும் தெருவில் தானாகத் தோண்ட விடக்கூடாது என்பதே என் கருத்து. குழாய் இருக்கலாம் என்று சந்தேகம் வந்ததும் வண்டியை நிறுத்திவிட்டு, ஆளை விட்டு மண்வெட்டியால் தோண்டிப் பார்க்கச் சொல்கிறீர்களே, அந்தச் சந்தேகம் எந்த சென்சாரிலிருந்தும் வருவதில்லை. ஓரத்தில் இருக்கும் அடிபம்பைப் பார்த்து, மண்ணின் நிறம் திடீரென்று மாறியதைப் பார்த்து வருகிறது.

இயந்திரக் கற்றல் இன்றைக்கே உறுதியாகக் கைகொடுக்கிற இடம் வேறு ஒன்று. வண்டியைச் சுற்றி ஆள் வந்தால் கண்டுபிடித்து எச்சரிப்பது, தேவைப்பட்டால் சுழல்வதை நிறுத்துவது. வண்டி கவிழாமல் இருக்கப் பின்பக்கம் வைத்திருக்கும் கவுன்ட்டர்வெயிட் சுழலும்போது மாட்டி ஆட்கள் நசுங்கிய விபத்துகளைப் பற்றி நீங்களும் கேள்விப்பட்டிருப்பீர்கள். கேமராவில் ஆளை அடையாளம் காண்பதில் நியூரல் நெட்வொர்க்குக்கு நிகர் கிடையாது. ஆனால் எதைக் காட்டிப் பழக்கினார்களோ அதைத்தான் அது நன்றாகக் காணும். இங்கே ஒரு சைட்டில் வெளிநாட்டிலிருந்து வந்த அப்படி ஒரு கருவியைச் சோதித்தோம். ஹெல்மெட்டும் மஞ்சள் சட்டையும் போட்டு நிமிர்ந்து நடந்தவரை நாற்பதடியிலிருந்தே பிடித்தது. தலையில் சும்மாடு வைத்து, அதன்மேல் மண் சட்டியோடு, சேலை முந்தானையை முகத்தில் சுற்றிக்கொண்டு குனிந்து வந்த அம்மாவைப் பலமுறை தவறவிட்டது. அவர் மனித உருவமாகவே அதற்குப் படவில்லை. நம் சைட்டுகளின் படங்களைச் சேர்த்து மறுபடி பழக்கிய பிறகு நிலைமை நன்றாகத் தேறியது. இந்தக் கருவி வாங்குகிற ஒப்பந்ததாரர்கள் யாராவது இதைப் படித்தால், கையெழுத்துப் போடுவதற்கு முன் உங்கள் சைட்டில், உங்கள் ஆட்களை வைத்து, தூசி பறக்கும் நேரத்தில் சோதித்துப் பாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். இதில் அலட்சியம் உயிரோடு விளையாடுவது.

தானியங்கி மண்வேலை எந்திரங்களின் பாதுகாப்புக்கு ஐஎஸ்ஓ 17757 என்று ஒரு சர்வதேசத் தரநிலை இருக்கிறது. அந்த இடத்துக்குள் யார் வரலாம், தொடர்பு அறுந்தால் வண்டி என்ன செய்ய வேண்டும், யார் நிறுத்தலாம் என்பதையெல்லாம் கேட்கிற தரநிலை. கற்றுக்கொண்ட மூளை ஒன்று எல்லாச் சூழலிலும் சரியாக நடக்கும் என்று நிரூபிக்க இன்று ஒப்புக்கொள்ளத்தக்க வழி இல்லை. அதனால்தான் தோண்டும் திறமையை நெட்வொர்க்கிடம் விட்டாலும், நிறுத்தும் அதிகாரத்தை அதனிடம் விடுவதில்லை.

இனி உங்கள் பிழைப்புக் கேள்வி. இந்தத் தொழில்நுட்பத்தை யார் அவசரப்படுத்துகிறார்கள் என்று பாருங்கள். ஜப்பானில் அன்சென் எரிமலை வெடித்து, 1991 ஜூன் 3 அன்று 43 பேர் இறந்தார்கள். அந்த மலையடிவாரத்தில் ஆள் போக முடியாத இடத்தில் மண்ணை அகற்ற, தூரத்திலிருந்து இயக்கும் வண்டிகள் வந்தன. இன்று அந்த நாட்டில் கட்டுமான வேலைக்கு இளைஞர்களே கிடைப்பதில்லை. அகிதா மாகாணத்தின் நருசே அணையில் கஜிமா நிறுவனம் டோசர், ரோலர், டிப்பர் மூன்றையும் தானாக இயங்கச் செய்து, ஒரு சிலரைக் கட்டுப்பாட்டு அறையில் உட்கார வைத்து வேலை நடத்தியது. அனுபவமுள்ள ஆபரேட்டர்களின் பதிவுகளையும் அதற்குப் பயன்படுத்தினார்கள். 2040 நிதியாண்டுக்குள் கட்டுமானத் தளங்களில் ஆள் தேவையைப் பத்தில் 3 பங்கு, அதாவது 30 சதவீதம் குறைக்க வேண்டும் என்று அந்நாட்டு அரசே 2024-இல் இலக்கு வைத்தது. இத்தனை நெருக்கடி உள்ள நாடே பதினாறு வருடத்தில் 30 சதவீதம் என்றுதான் சொல்கிறது என்பதைக் கவனியுங்கள். அணைக்கட்டில் தானாக ஓடியது என்ன வண்டி என்பதையும் கவனியுங்கள்: பரப்புவது, உருட்டி இறுக்குவது, ஏற்றிச் செல்வது. ஒரே வேலையைப் பரந்த இடத்தில் ஆயிரம் முறை செய்கிற வண்டிகள்.

இந்தியாவில் எத்தனை வருடம் என்று எண் சொல்கிறவரை நம்பாதீர்கள், என்னிடமும் எண் கேட்காதீர்கள். என் கணிப்பு வரிசையைப் பற்றி மட்டும்தான். குவாரி, பெரிய சாலைத் திட்டம், சூரிய மின் பண்ணை போன்ற திறந்தவெளி வேலைகளில் ரோலரும் டோசரும் டிப்பரும் முதலில் மாறும். குவித்து வைத்த ஜல்லியையும் மணலையும் அள்ளிப்போடுகிற லோடர் வேலை அடுத்தது. ஊருக்குள் வாடகைக்கு மணிக்கணக்கில் ஓடுகிற ஜேசிபி, பொக்லைன் வேலை கடைசி. காலையில் அஸ்திவாரக் குழி, மதியம் மரம் பெயர்ப்பது, சாயங்காலம் கிணற்றுச் சகதி எடுப்பது என்று ஒரே நாளில் மூன்று வேலை பார்க்கிற வண்டியைத் தானியங்கி ஆக்கிக் காசு பார்ப்பது கடினம். இடையில் ஒரு மாற்றம் வரும், அதற்கு நீங்கள் தயாராக வேண்டும்: அறையில் உட்கார்ந்து இரண்டு மூன்று வண்டிகளை மேற்பார்க்கிற வேலை. வண்டி சமாளிக்க முடியாமல் நின்றால் நீங்கள் லீவரைக் கையில் எடுப்பீர்கள். சீட்டின் அதிர்வும் என்ஜின் சத்தமும் இல்லாமல் திரையைப் பார்த்துத் தோண்டுவது முதலில் கண்ணைக் கட்டிவிட்ட மாதிரி இருக்கும். நான் பார்த்தவரை அதற்குச் சீக்கிரம் பழகியவர்களும் நேரில் நன்றாக ஓட்டத் தெரிந்தவர்கள்தான். ஆனால் ஒரு சைட்டுக்கு எத்தனை பேர் தேவைப்படுவார்கள் என்பது குறையும். அதை மறைத்துச் சொல்வது உங்களுக்குச் செய்கிற துரோகம். வரைபட மட்டத்தைப் பின்பற்றும் வண்டியில் ஏற வாய்ப்புக் கிடைத்தால், பேட்டா குறைந்தாலும் பரவாயில்லை என்று ஒரு ஆறு மாதம் ஓட்டிவிடுங்கள்.

தம்பி வரலாம், தாராளமாக வரலாம். ஆனால் மூன்று மாதத்தில் ஏஐ நிபுணராக்குகிறோம் என்கிற வகுப்புகளுக்குப் பணம் கட்டுவதற்கு முன், ஹைட்ராலிக்ஸ், கட்டுப்பாட்டியல், மண் இயந்திரவியல் மூன்றையும் ஒழுங்காகப் படிக்கச் சொல்லுங்கள். மூன்றாவது சிவில் துறைப் பாடம், அவனுடைய பாடத்திட்டத்தில் இருக்காது, சிவில் நண்பனின் புத்தகத்தை வாங்கிப் படிக்கட்டும். பைதான் நிரல் எழுதத் தெரிந்தவர்கள் எங்களிடம் நிறைய வருகிறார்கள், பம்பு ஏன் திணறுகிறது என்று சொல்லத் தெரிந்தவர்கள் குறைவு. அவனிடம் மற்ற மாணவர்களுக்கு இல்லாத ஒன்று இருக்கிறது: எட்டு வருட அனுபவமுள்ள ஆபரேட்டரும் அவர் ஓட்டுகிற வண்டியும் வீட்டிலேயே இருக்கின்றன. விடுமுறையில் பூம், ஆர்ம் இரண்டிலும் மலிவான சாய்வு சென்சார் ஒன்றையும், கேபினுக்குள் ஒரு மைக்கையும், வாளிக்கு முன்னால் இருக்கும் மண் தெரிகிற மாதிரி ஒரு பழைய செல்போன் கேமராவையும் வைத்து, ஒரு நாள் வேலையைப் பதிவு செய்யச் சொல்லுங்கள். சாயங்காலம் இருவரும் உட்கார்ந்து அதை ஓடவிட்டு, ஒவ்வொரு வாளியிலும் எதைப் பார்த்து, எதைக் கேட்டுக் கையை அசைத்தீர்கள் என்று அவன் எழுதிக்கொள்ளட்டும். வண்டி சொந்தமா, வாடகையா, என்ன மாடல் என்று எழுதுங்கள். முதலாளியின் அனுமதியோடு, வாரன்டிக்குச் சிக்கல் வராமல் சென்சாரை எங்கே ஒட்டலாம் என்று படம் வரைந்து போடுகிறேன்.